மூன்றாம் நம்பர் நின்ற வளைவு

மார்ச் 6

ஒட்டகத்துக்கு,

நீ போனை எடுப்பதில்லை. பத்து மாதமாக மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. "போன்ல திட்டினா காத்தோட போயிடும். எழுதித் திட்டு, ரொம்ப நாளைக்கு இருக்கும்" என்று சொல்லி, நம் தபால்காரி உறையும் ஸ்டாம்பும் வாங்கிவந்து என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்து ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவள், ரிட்டயர் ஆன பிறகும் ஆபீஸுக்கு ஆள் பிடிக்கிறாள்.

திட்டுவதற்கு எழுதவில்லை. பூனையைப் பற்றி எழுதுகிறேன்.

இடுப்பு எலும்பு கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறாள். அறைக்குள் மட்டும்தான். வெளிக்கதவுக்கு அவள் மகள் இரண்டு பூட்டு போட்டிருக்கிறாள், ஒன்று மேலே, பூனைக்கு எட்டாத உயரத்தில். பள்ளிக்கூட நாளிலிருந்து நாம் நாலு பேரும் வருஷம் தவறாமல் போகும் ஏப்ரல் நடையில், போன தடவை நம் கூட வந்தவள் வழி மாறிப் போய், ஆறு மணி நேரம் தேடி, தண்ணீர்த் தொட்டி வளைவில் விழுந்து கிடந்தவளைத் தூக்கிவந்தோமே, அந்தப் பயம் அந்தப் பெண்ணுக்கு இன்னும் போகவில்லை. குறை சொல்ல முடியாது. ஷிஃப்ட் வேலை. அம்மாவைத் தனியாக விட்டுப் போகும்போது அவளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போகிறாள்.

இப்போது ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நானும் கூடப் போய்ப் பார்த்தேன். அங்கே இரண்டு பகுதி. ஒன்று திறந்த பகுதி. தோட்டம், பெஞ்சு, சாயங்காலம் நடக்கலாம், நாம் எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இன்னொன்று மாடியில், கம்பிக் கதவுக்குப் பின்னால். தானாக எழுந்து எங்கேயாவது போய்விடுகிறவர்களுக்கு. மாதத்தில் ஒரு நாள் பார்க்கலாம், வெளியே அழைத்துப்போக முடியாது. பூனைக்கு மாடி என்று மகள் முடிவு செய்துவிட்டாள்.

அதற்கு ஒரு படிவம். அவள் காணாமல் போனபோது கடைசியாகக் கூட இருந்தவர் எழுதித்தர வேண்டும். அது நீதான். "கால்வாய்ப் பக்கம் திரும்பிப் போனாள், பார்த்தேன்" என்று நீ அன்றைக்குச் சொன்னதையே மூன்று வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். எனக்கு மனசே இல்லை. ஆனால் பெற்ற மகள் கேட்கிறாள், நான் யார் தடுக்க?

ஏப்ரல் பன்னிரண்டு நமக்கு ஐம்பதாவது நடை. தபால்காரி நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி வாங்கி வைத்திருக்கிறாள். உன் தலைக்கு அளவு தெரியாமல் பெரியதாகவே வாங்கினாளாம்.

சில்லறை

*

மார்ச் 12

சில்லறைக்கு,

படிவம் வந்தது. டிராயரில் வைத்திருக்கிறேன். என்னை அவசரப்படுத்தாதே.

கேட்கிறாயே, உன்னை ஒன்று கேட்கட்டுமா? பூனைக்கு மறதி நோய் என்று உனக்கு எப்போது தெரியும்? நடைக்கு எட்டு மாதம் முன்னால். எனக்கு எப்போது தெரியும்? ஆஸ்பத்திரி வராந்தாவில், அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போன பிறகு. அவள் மகள் உன்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் தெரியுமே பெரியம்மா, நீங்களாவது கையப் பிடிச்சிட்டு நடந்திருக்கக் கூடாதா" என்றாளே, அப்போது. உன் பக்கத்தில் மரம் மாதிரி நின்றிருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு டீக்கடையில் நடந்ததை யோசித்துப் பார். "உன் பையனுக்கு எந்த ஊர்ல வேலை?" என்று பூனை மூன்றாவது தடவை கேட்டாள். நான் எப்போதும் போலச் சிரித்தேன். "ஏண்டி பூனை, மூளையைக் கண்ணாடிக் கடையிலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்றேன். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரையும் எழுத்துப் பலகை படிக்க வைத்தவள், அவளும்தான் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கிளாஸை ணங்கென்று வைத்தாய். "உனக்கு உடம்புதான் நீளம்னு நெனச்சேன். நாக்கு அதவிட நீளம். அறுபத்தஞ்சு வயசாகியும் எதுல வெளையாடணும்னு தெரியல" என்றாய். டீக்கடைக்காரரிலிருந்து பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருந்தால் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டே கடைசி வரை நடந்திருப்பேன்.

இங்கே மகன் வீட்டில் எனக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். காலையில் அவர்கள் வேலைக்குப் போனால் திரும்பும் வரை நானும் அந்தச் சுவரும்தான். நடக்கப் போவதில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது, போவதில்லை.

அந்தத் தொப்பியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

ஒட்டகம்

*

மார்ச் 16

ஒட்டகத்துக்கு,

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று பூனைதான் என்னிடம் சத்தியம் வாங்கினாள். தபால்காரிக்குச் சொல்லலாம் என்றாள். உனக்கு மட்டும் கூடாது.

கோபப்படாமல் படி. டாக்டரைப் பார்த்துவிட்டு அவள் நேராக என் கடைக்கு வந்தாள். யூனிஃபார்ம் மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "ஒட்டகத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்டி. இப்பவே மக என்கிட்ட மெதுவா பேச ஆரம்பிச்சிட்டா, கொழந்தைகிட்டப் பேசற மாதிரி. நீயும் நாளையிலிருந்து அப்படித்தான் பேசுவே. அவ ஒருத்திதான் என்னைக் கிண்டல் பண்ணுவா. தெரிஞ்சா நிறுத்திடுவா. அது போச்சுன்னா நான் நோயாளி ஆயிடுவேன்."

அதனால்தான் சொல்லவில்லை. டீக்கடையில் உன் மேல் பாய்ந்ததும் அதனால்தான். அவள் ஆசைப்பட்டபடியே நீ கிண்டல் செய்தாய், என்னால் பொறுக்க முடியவில்லை. எட்டு மாதம் அந்த ரகசியத்தைச் சுமந்ததில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடித்திருந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது அது ஒன்றுக்குத்தான், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்க வேண்டியது. நேற்று ஒரு பஸ் டிரைவர் கடைக்கு வந்தார், மகளுக்குப் பள்ளிச் சீருடை அளவு கொடுக்க. பேச்சுவாக்கில் தண்ணீர்த் தொட்டி வழியாகத்தான் என் வண்டி போகும் என்றார். போன வருஷம் அங்கே ஒரு அம்மா விழுந்து கிடந்தார்களே என்றேன். "விழுந்தது கடைசியிலங்க. நான் பதினொன்றரைக்குப் போகும்போதே அங்கதான் நின்னாங்க. ஒரு மணிக்கும் நின்னாங்க. மூணு மணிக்கு வண்டிய நிறுத்தி, எங்கம்மா போகணும்னு கேட்டேன். 'மூணு'ன்னாங்க. மணியச் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஏறுங்கன்னா மாட்டேன்னு தலையாட்டிட்டாங்க. பின்னாடியே பாத்துட்டு நின்னாங்க" என்றார்.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் டீக்கடையை விட்டுக் கிளம்பியது பதினொன்று. அவள் கால்வாய்ப் பக்கம் போயிருந்தால் பதினொன்றரைக்கு எப்படித் தொட்டி வளைவில் நிற்க முடியும்? கால்வாய் எந்தத் திசை, தொட்டி எந்தத் திசை? நீ சொன்ன அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தபால்காரியும் நானும் போலீஸும், வந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சாயங்காலம் ஐந்து மணி வரை கால்வாய்க் கரையைச் சல்லடை போட்டுச் சலித்தோம்.

நீ என்ன பார்த்தாய் ஒட்டகம்? இருபத்தெட்டு வருஷம் ரயில்வே ஸ்டேஷன் மைக்கில் உட்கார்ந்து, யாரோ ஓட்டிய வண்டி தாமதமானதற்கெல்லாம் "வருந்துகிறோம்" என்று ஊருக்கே சொன்னவள் நீ. என்னிடம் ஒரு வரி சொல்ல உனக்கு வாய் வராதா?

பூனை நான் போகும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். "பின்னால வராளா?"

சில்லறை

*

மார்ச் 23

சில்லறைக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நான் எதையும் பார்க்கவில்லை.

டீக்கடையிலிருந்து வழக்கம்போல உயர வரிசையில்தான் கிளம்பினோம். நீ முன்னால், அப்புறம் தபால்காரி, அப்புறம் பூனை, கடைசியில் நான். நீ வேகம் பிடித்தாய். உன்னைச் சமாதானப்படுத்தத் தபால்காரி உன் பின்னாலேயே ஓடினாள். பூனை அவள் நடையில் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அழுகை வந்தது. நாலு பேர் நடுவில் என்னை அவமானப்படுத்தியவள் பின்னால் நான் ஏன் வால் மாதிரிப் போக வேண்டும் என்று தோன்றியது. மரக்கடை வந்தது. கேட் திறந்திருந்தது. உள்ளே புகுந்து மறுபக்கம் போனால் தொட்டி வளைவே வேண்டாம், நேராக மேட்டுச் சாலை. புகுந்துவிட்டேன். பூனையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரக்கட்டை அடுக்குகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்தினேன், ஒரு கால் மணி நேரம் இருக்கும். பிறகு மெதுவாக நடந்து, ஏரிக்கரைப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்.

"பூனை எங்கே?" என்று நீ கேட்டாய். உங்களுடன் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும், வரிசையை விட்டு ஓடிவந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெயில் நாளில் அவள் கால்வாய்க் குழாயில் முகம் கழுவப் போவாளே, அங்கேதான் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள், யாருக்கும் தெரியாது என்று எண்ணினேன். அப்புறம் போலீஸ் வந்தது. போலீஸ் எழுதிக்கொண்டதை எப்படி மாற்றுவது?

டிரைவர் சொன்னதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்திருக்கும், நீ எழுதவில்லை. முதல் நடையில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தாள்? ஒவ்வொரு வளைவிலும் நிற்க வேண்டும். முதல் ஆள் "ஒன்று" என்று சொல்ல, அடுத்தடுத்து நம்பர் சொல்ல வேண்டும். கடைசி ஆள் குரல் காதில் விழாமல் ஒருத்தியும் வளைவைத் தாண்டக் கூடாது. மழை வந்தாலும் சரி, மாடு துரத்தினாலும் சரி. ஐம்பது வருஷமாக இதை ஒரு விளையாட்டாக விடாமல் செய்தோம். நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பூனைக்கு எல்லாம் மறந்திருந்தது. இது மட்டும் மறக்கவில்லை. வளைவில் போய் நின்றாள். "மூன்று" என்றாள். என் குரலுக்காகக் காத்திருந்தாள். கால் ஓய்ந்து விழும் வரை நின்றாள். அவள் வழி தவறவில்லை சில்லறை. அன்றைக்கு வரிசையில் ஒழுங்காக நின்றது அவள் ஒருத்திதான்.

அவளைக் கம்பிக் கதவுக்குப் பின்னால் போடுவதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அவள் மகளிடம் காட்டு. போலீஸிடம் வேண்டுமானாலும் காட்டு. என்னால் நேரில் வந்து சொல்ல முடியாது. அந்தப் பெண் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்துதான் நம் நடைக்கு வருவாள்.

ஒட்டகம்

*

மார்ச் 27

படித்தேன். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. தபால்காரி வந்து கதவைத் தட்டினாள், அவளிடமும் பேசவில்லை.

உன் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் போதாது. எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வளைவில் நான் "ஒன்று" சொல்லவில்லை. உன் குரலைக் கேட்கப் பிடிக்காமல் நிற்காமலே திரும்பிவிட்டேன். நாற்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. நின்றிருந்தால் நீ இல்லாதது அங்கேயே தெரிந்திருக்கும். பதினொரு மாதமாக அது எனக்குத் தெரியும். உன்னைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டு அதை மறைத்தேன்.

நாளை இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவள் மகளிடம் போகிறேன். உன்னுடையது, அப்புறம் இதன் நகல்.

*

ஏப்ரல் 13

ஒட்டகத்துக்கு,

அந்தப் பெண் இரண்டையும் நின்றபடியே படித்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், தோளில் பை. படித்து முடித்ததும் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஒரு வருஷமா எங்கம்மாவப் பூட்டி வச்சிருக்கேன். கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு அவங்களுக்கு. ஓடிப்போறவங்கன்னு நெனச்சுதான் பூட்டினேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லியிருந்தா நான் பூட்டியிருக்கமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் வாசல் வரை வந்து அனுப்பினாள். மன்னித்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "நீங்க" மட்டும்தான்.

ஆனால் மாடி வேண்டாம் என்று காப்பகத்துக்குச் சொல்லிவிட்டாள். மே முதல் தேதியிலிருந்து திறந்த பகுதியில் பூனைக்குக் கீழே ஒரு அறை, தோட்டத்தைப் பார்த்து. மேல் பூட்டைக் கழற்றியாகிவிட்டது. கதவில் நாலு ஓட்டை இருக்கிறது, இன்னும் அடைக்கவில்லை.

நேற்று பன்னிரண்டாம் தேதி. நடை பற்றி நான் வாயே திறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவளே போன் செய்தாள். "வீட்டுத் தெருவுல மட்டும். முனை வரைக்கும். நான் கூடவே வருவேன்" என்றாள்.

தபால்காரி தொப்பிகளோடு ஓடிவந்தாள். பூனைக்குத் தொப்பி போட்டதும் கண்ணாடியில் பார்த்து, "யாரு இந்தக் கிழவி?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கிண்டல்தானா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் முன்னால், தபால்காரி, அப்புறம் வாக்கரோடு பூனை. அவள் மகள் பத்தடி தள்ளி வந்தாள். அறுபது எழுபது அடி தூரம்தான், அரை மணி நேரம் ஆயிற்று. தெருமுனை மின்கம்பத்தில் நான் நின்றேன். "ஒன்று" என்றேன். "ரெண்டு" என்றாள் தபால்காரி.

"மூணு" என்றாள் பூனை. தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் கூப்பிட்டோம், அசையவில்லை. தபால்காரி திரும்பி வந்து கையைப் பிடித்தாள், உதறிவிட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அவள் மகளுக்கும் தெரிந்தது. அந்தப் பெண் பின்னால் நின்றபடியே, "நாலு" என்றாள். சத்தமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

பூனை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இல்ல" என்றாள்.

நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஐம்பதாவது நடை பாதியில் நிற்கிறது. அவள் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். கிளம்பும்போது என்னிடம், "அவங்கள வரச் சொல்லுங்க" என்றாள். எந்தக் குரலில் சொன்னாள் என்று கேட்காதே, கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

உன் தொப்பி என்னிடம் இருக்கிறது.

சில்லறை

*

ஏப்ரல் 18

சில்லறைக்கு,

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வரும் வண்டி. தாமதம் ஆகாது, நான் அறிவித்த வண்டிதான், அதன் குணம் எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனுக்கு வராதே. வீட்டுக்கும் நான் நேரே வரமாட்டேன். அவள் மகள் எதிரில் போய் நிற்கத் துணிச்சல் இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியதை நடை முடிந்த பிறகு கேட்கிறேன், அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். பத்தரை மணிக்கு நீங்கள் மூன்று பேரும் அந்த மின்கம்பத்தடிக்கு வந்துவிடுங்கள். பூனைக்கு ஒரு நாற்காலியும் கொண்டுவாருங்கள். நான் தெருவின் அந்தக் கோடியில் இறங்கிப் பின்னாலிருந்து நடந்து வருகிறேன். நான் வருவதை அவளிடம் சொல்லாதே. என் முகம் அவளுக்கு மறந்திருக்கலாம், குரல் மறந்திருக்காது என்ற ஒரு நம்பிக்கை. அதுவும் மறந்திருந்தால் அதையும் நான் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே காலையில் வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். ஒரு வருஷமாகச் சத்தமாகப் பேசாததில் குரல் கம்மிக் கிடக்கிறது. நேற்று மருமகள் சீக்கிரம் வந்துவிட்டாள், கதவருகில் நின்று கேட்டிருக்கிறாள். "என்ன அத்தை, நாலு நாலுன்னு எதையோ எண்ணிட்டே இருக்கீங்க?" என்றாள்.

"எண்ணலம்மா. ஒருத்தி வெயில்ல நிக்கிறா, அவளப் போகச் சொல்றேன்" என்றேன்.

ஒட்டகம்